ஞானப்பல் எடுத்த மூன்றாம் நாள் வீக்கம்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. கீழ்த்தாடையின் வலது பக்கத்தில் எலும்புக்குள் சாய்ந்து புதைந்திருந்த ஞானப்பல்லை நான்கு நாட்களுக்கு முன்பு அறுவை செய்து எடுத்தார்கள். முதல் நாளைவிட மூன்றாம் நாள் கன்னம் பெரிதாக வீங்கிவிட்டது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாயைத் திறக்கிறாள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது குழிக்குள் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. சீழ் என்று நினைத்துப் பஞ்சால் துடைக்கப் போனேன், அவள் விடவில்லை. வலி மாத்திரை பழக்கமாகிவிடும் என்ற பயத்தில், தாங்க முடியாதபோது மட்டுமே போடுகிறாள். மருத்துவர் ஏதாவது தவறு செய்துவிட்டாரா? ஆன்டிபயாடிக்கை இன்னும் ஒரு வாரத்துக்கு எழுதித் தரும்படி கேட்க வேண்டுமா? இடது பக்கப் பல்லையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதை நினைத்தாலே எங்கள் இருவருக்கும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் நாள் வீக்கம், முழுதாகத் திறக்காத வாய், குழிக்குள் தெரியும் வெண்சாம்பல் படிவு ஆகிய மூன்றும், புதைந்த ஞானப்பல்லை எடுத்த பிறகு ஒழுங்காக ஆறிவரும் வாயிலும் சாதாரணமாகக் காணப்படுபவைதான். நேரில் பார்க்காமல் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதி கொடுக்க என்னால் இயலாது. ஆயினும் நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று எண்ணுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. பஞ்சோடு வந்த உங்கள் கையை மகள் தடுத்தது மிகவும் நல்லதாயிற்று. ஏன் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் காயம் எப்படி ஆறுகிறது என்பது புரிந்துவிட்டால் எதைச் செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் நீங்களே பதில் கண்டுகொள்வீர்கள்.

ஞானப்பற்கள் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைப்பவை. தாடையில் இடம் போதாதபோது அவை சாய்ந்தோ படுத்தோ எலும்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அத்தகைய பல்லைக் குறடால் பிடித்து இழுத்து எடுத்துவிட முடியாது. ஈறைக் கீறி விலக்கி, பல்லைச் சூழ்ந்துள்ள எலும்பில் ஒரு பகுதியைச் சுழல்கருவியால் அகற்றி, பல பேருக்குப் பல்லையே இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி வெளியே எடுத்து, ஈறை மறுபடி பொருத்தித் தையல் போடுகிறார்கள். வாய்க்குள் நடப்பதால் நாம் இதைப் பல் பிடுங்கியது என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். உடலைப் பொறுத்தவரை இது எலும்பில் செய்த அறுவை சிகிச்சை. எலும்பிலும் தசையிலும் காயம் பட்டால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடும், ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து சுற்றியுள்ள திசுக்களில் தேங்கும். இது ஒரே நாளில் உச்சத்தைத் தொடுவதில்லை. பெரும்பாலோருக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கம் உச்சத்தை அடைந்து, அதன் பிறகு மெல்ல வடிந்து, ஒரு வாரம் பத்து நாட்களில் அடங்குகிறது. ஆகவே முதல் நாளைவிட மூன்றாம் நாள் கன்னம் பெரிதாகத் தெரிந்தது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே. அடுத்த சில நாட்களில் கன்னத்திலோ தாடைக்குக் கீழே கழுத்திலோ மஞ்சளும் பச்சையுமாக ஒரு கன்றல் தெரிந்தாலும் திகைத்துவிடாதீர்கள். திசுக்களில் கசிந்த ரத்தம் கரையும்போது தோலில் தெரியும் நிறம் அது.

இனி அந்த வெள்ளைப் படிவுக்கு வருகிறேன். பல் இருந்த குழியில் அறுவை முடிந்த சிறிது நேரத்திலேயே ரத்தம் நிரம்பி உறைகிறது. இந்த உறைந்த ரத்தக்கட்டிதான் உங்கள் மகளின் காயத்துக்கு உடலே போட்டுக்கொண்ட கட்டு. கீழே திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடுவது இதுவே. புதிய திசு வளர்வதற்கு வேண்டிய சட்டமும் இதுவே. முதல் வாரத்தில் சிறு ரத்த நாளங்கள் இதற்குள் ஊடுருவ, அது படிப்படியாகச் சிவந்த இளந்திசுவாக மாறுகிறது. அந்தக் காலத்தில் அதன் மேற்பரப்பில் ஃபைப்ரின் என்ற புரதமும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து மென்மையான ஒரு படலமாகப் படிகின்றன. வாயின் ஈரத்தில் ஊறுவதால் அது வெள்ளையாகவோ, சாம்பலாகவோ, சற்று மஞ்சளாகவோ தோன்றும். முழங்காலில் சிராய்ப்புப் பட்டால் காய்ந்த பொருக்கு கட்டுகிறது அல்லவா? வாய்க்குள் காய்வதற்கு வழியில்லாததால் பொருக்கு இப்படி ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான். பஞ்சாலோ, குச்சியாலோ, விரலாலோ அதைத் துடைத்தெடுத்தால் அதனோடு சேர்ந்து ரத்தக்கட்டியும் பெயர்ந்துவிடக்கூடும். சீழ் வேறு விதமாக இருக்கும். அது தடிப்பான திரவமாக வழியும், ஈறை அழுத்தினால் வெளிப்படும், வாயில் தொடர்ந்து கெட்ட சுவையைத் தரும், பெரும்பாலும் காய்ச்சலோ கூடிக்கொண்டே போகும் வீக்கமோ உடன் வரும். நீங்கள் கண்டது இடத்தை விட்டு நகராமல் ஒட்டியிருந்த படலம் என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். டார்ச் அடித்துத் தினமும் பார்ப்பதைக்கூட நான் ஊக்குவிக்க மாட்டேன். பார்ப்பதற்காக அவள் வாயை வலிந்து திறக்க வேண்டியிருக்கிறது, கன்னத்தை இழுக்கும்போது தையல் இழுபடுகிறது.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத செய்தி ஒன்று உண்டு. வலி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நாளுக்கு நாள் குறைகிறதா, கூடுகிறதா என்று எழுதவில்லை. இந்த அறுவைக்குப் பிறகு என்னிடம் வரும் எவரிடமும் நான் முதலில் கேட்பது அதைத்தான். வலியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அது போகும் திசை ஏமாற்றாது. ஒழுங்காக ஆறும் காயத்தில் முதல் இரண்டு மூன்று நாட்கள் வலி அதிகமாக இருந்து, பிறகு மெதுவாகவேனும் இறங்குமுகமாகவே இருக்கும். முதல் நாட்களில் குறைந்திருந்த வலி, இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் திடீரென்று மறுபடி ஏறி, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பரவி, தூக்கத்தைக் கெடுத்து, வழக்கமான மாத்திரைக்கு அடங்காமல், வாயில் துர்நாற்றத்தோடும் சேர்ந்து வந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. நாங்கள் அதை டிரை சாக்கெட், அதாவது உலர்குழி என்று அழைக்கிறோம். கிராஃபோர்ட் என்ற பல் மருத்துவர் 1896-ஆம் ஆண்டிலேயே இந்தப் பெயரில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ரத்தக்கட்டி நேரத்துக்கு முன்பே கரைந்தோ பெயர்ந்தோ போய், கீழேயுள்ள எலும்பு மூடப்படாமல் வெறுமையாக நிற்பதுதான் அந்த வலிக்குக் காரணம். சாதாரணமாகப் பல் எடுக்கும்போது இது அபூர்வம். கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுவை செய்து எடுக்கும்போது இதன் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. அறுவை கடினமாக இருந்தவர்கள், முன்பே அந்த இடத்தில் தொற்று இருந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்கள் ஆகியோருக்கு இன்னும் சற்று அதிகம்.

உலர்குழி வந்துவிட்டால் அது உங்கள் மகளின் தவறு என்றோ, மருத்துவரின் தவறு என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகக் கவனமாக இருந்தவர்களுக்கும் அது வருவதை நான் பார்த்திருக்கிறேன். அது அடிப்படையில் தொற்று நோய் கிடையாது. ஆகவே அதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தீர்வாகாது. மருத்துவர் குழியை உப்பு நீரால் மென்மையாகக் கழுவி, வலியைத் தணிக்கும் மருந்து தோய்த்த சிறு திரியை உள்ளே வைப்பார். பலருக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுவதற்குள்ளேயே பாதி வலி போய்விடும். ஓரிரு முறை திரியை மாற்ற வேண்டியிருக்கலாம். ஒரு வாரம் பத்து நாட்களில் வெறுமையான எலும்பின் மேல் திசு படர்ந்து வலி அடங்கிவிடும். வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க இதில் எந்த அவசியமும் இல்லை.

வலியின் திசையைப் பார்க்கும்படி சொல்கிறேன். ஆனால் உங்கள் மகள் மாத்திரை போடும் முறையில் அந்தத் திசையே தெரியாமல் போய்விடுகிறது. தாங்க முடியாத அளவுக்கு ஏறியபின் ஒரு மாத்திரை, பிறகு மறுபடி ஏறும்வரை காத்திருப்பு என்று இருந்தால், நாள் முழுவதும் வலி அலையலையாக வந்துகொண்டேயிருக்கும். காயத்தால் வரும் வலி எது, மருந்து தீர்ந்ததால் வரும் வலி எது என்று அவளாலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் சொல்ல முடியாது. ஏறிவிட்ட வலியை இறக்குவதற்கு அதிக மருந்து வேண்டும். ஏறவிடாமல் வைத்திருப்பதற்குக் குறைவே போதும். எனவே முதல் மூன்று நான்கு நாட்களுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மருந்தை, எழுதிய இடைவெளியில், கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும். அதன் பிறகு இடைவெளியை நீட்டி நிறுத்திக்கொள்ளலாம். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. ஒரு முழு நாள் சரியான நேரத்துக்கு மாத்திரையைக் கொடுத்துப் பாருங்கள். வலி அடங்கிவிட்டால் அது மாத்திரையின் இடைவெளியால் வந்த வலி. அப்படிக் கொடுத்தும் முந்தைய நாளைவிடக் கூடுகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பழக்கமாகிவிடும் என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் மனிதரை அடிமையாக்கும் மருந்துகள் கிடையாது. பல் அறுவைக்குப் பிந்தைய வலிக்கு இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பது மிக நல்ல பலனைத் தருகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால் தனித்தனியே தருவதைவிட அதிக நிவாரணம் கிடைக்கிறது. அளவில் மட்டும் கவனம் தேவை. உடல்நலமுள்ள வயதுவந்தோர் பாராசிட்டமாலை 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராமுக்கு மேல் எந்த நிலையிலும் எடுக்கக்கூடாது. சளிக் காய்ச்சலுக்காக விற்கும் பல மாத்திரைகளிலும் அது கலந்திருப்பதால், தெரியாமலேயே இரட்டிப்பாகிவிடும் ஆபத்து உண்டு. இபுபுரூஃபனை மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம். உணவுக்குப் பிறகு எடுப்பது வயிற்றுக்கு நல்லது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இத்தகைய மருந்துகளால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இபுபுரூஃபன் பொருந்தாமல் போகலாம் என்பதால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. உங்கள் மருத்துவர் எழுதிய சீட்டில் கோடீன், டிரமடால் போன்ற ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து ஏதேனும் இருந்தால் அதை மட்டும் மிகக் குறைந்த நாட்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் அச்சம் நியாயமாவது அந்த வகை மருந்தில்தான். ஆஸ்பிரினை வலிக்காக எடுப்பதும், மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் வேண்டாம்: முன்னது ரத்தக்கசிவைக் கூட்டும், பின்னது ஈறைப் பொசுக்கிவிடும்.

ஆன்டிபயாடிக் பற்றிய கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. நீட்டிக்கக் கேட்க வேண்டாம். எழுதிக்கொடுத்த நாட்களுக்கு, எழுதிக்கொடுத்த நேரத்தில் கொடுத்து முடியுங்கள். அந்த மருந்து வீக்கத்தை வடியச் செய்வதும் இல்லை, வலியைக் குறைப்பதும் இல்லை. தொற்று இல்லாத காயத்துக்குத் தொடர்ந்து கொடுத்தால் வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும்தான் மிச்சம், நாளை உண்மையாகவே தொற்று வரும்போது மருந்து வேலை செய்யாமல் போகவும் கூடும். மருந்துச் சீட்டில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால், அது உடலில் இருக்கும் நாட்களிலும் முடிந்த பிறகு இரண்டு மூன்று நாட்கள் வரையிலும் மதுவை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

வாய் திறக்காததற்குக் காரணம் குழியில் இல்லை, தசையில் இருக்கிறது. உணவை மெல்லும் தசைகள் கீழ்த்தாடை ஞானப்பல்லுக்கு மிக அருகில் தாடையோடு இணைகின்றன. அறுவையின்போது வாயை நெடுநேரம் அகலமாகத் திறந்து வைத்திருந்ததாலும், ஊசி போட்டதாலும், அருகிலுள்ள வீக்கத்தாலும் அவை இறுகிக்கொள்கின்றன. நல்ல நிலையில் ஒருவருக்கு முன்பற்களுக்கு இடையே அவருடைய மூன்று விரல்கள் செங்குத்தாக நுழையும். நான்காம் நாளில் ஒரு விரல் என்பது குறைவுதான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், ஆனால் இதைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதிலிருந்து ஒரு நாளில் நான்கைந்து முறை, ஈரமான வெதுவெதுப்பான துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் கன்னத்தில் வைத்து எடுத்த பிறகு, வலி தொடங்கும் எல்லைவரை மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். தாடையைப் பக்கவாட்டிலும் சற்று அசைக்கலாம். வலிந்து திறப்பது வேண்டாம், ஆனால் வலிக்கிறதே என்று பயந்து முற்றாக அசைக்காமல் வைத்திருந்தால் இறுக்கம் இன்னும் நீடிக்கும். ஓரிரு வாரங்களில் பழைய அளவுக்கு வந்துவிட வேண்டும். திறக்கும் அளவு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துகொண்டே போனால் அது தொற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே தெரிவியுங்கள்.

இடது பக்கத்துக்கு உங்களைத் தயார்படுத்துவதற்காக, முதல் மணி நேரத்திலிருந்து நடக்க வேண்டியவற்றையும் எழுதிவிடுகிறேன். இம்முறை எது விடுபட்டது என்பதும் இதைப் படித்தால் தெரியும். அறுவை முடிந்ததும் குழியின் மேல் வைக்கும் காஸ் துணியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு வந்துவிடும். முதல் நாள் முழுவதும் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. கொஞ்சம் ரத்தம் எச்சிலில் கலந்தாலே அதிகமாகத் தோன்றும். அந்த எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்கக்கூடாது, விழுங்கிவிடுவதே நல்லது. மரத்துப்போவதற்குப் போட்ட ஊசியின் தாக்கம் மூன்று முதல் ஐந்து மணி நேரம் உதட்டிலும் நாக்கிலும் இருக்கும். அந்த நேரத்தில் சூடானதைக் குடித்தாலோ எதையாவது மென்றாலோ உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டாலும் தெரியாது. அதே நேரத்தில், மரத்த நிலை முழுதாக விலகுவதற்கு முன்பே வலி மாத்திரையின் முதல் வேளையைப் போட்டுவிட வேண்டும். அறுவை நாளின் இரவு எப்படிக் கழியும் என்பதை இந்த ஒரு செயலே பெரிதும் தீர்மானிக்கிறது.

குளிர்ந்த ஒத்தடத்துக்கு மதிப்பு இருப்பது முதல் ஒன்றிரண்டு நாட்களில்தான். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, கன்னத்தில் 15 முதல் 20 நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் இடைவெளி விட்டு மறுபடி வைக்க வேண்டும். வெறும் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். இரண்டு நாட்களுக்குப் பிறகு வெதுவெதுப்பான ஒத்தடத்துக்கு மாறிவிடலாம். இந்த வரிசை தலைகீழாகி, முதல் நாளே சூடு வைத்துவிட்டால் வீக்கமும் கசிவும் கூடும். படுக்கும்போது முதல் இரண்டு மூன்று இரவுகள் ஒரு தலையணையைக் கூடுதலாக வைத்துத் தலையை உயர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஓடுவது, பளு தூக்குவது, குனிந்து நிமிரும் கடின வேலை ஆகியவை ரத்த அழுத்தத்தை உயர்த்தி நின்றுவிட்ட கசிவை மறுபடி தொடங்கச் செய்யும் என்பதால் நான்கைந்து நாட்களுக்கு வேண்டாம்.

சாப்பாட்டில் எனக்குள்ள கவலை, அவள் எதைச் சாப்பிடுவாள் என்பதைவிட, வலிக்குப் பயந்து சாப்பிடாமலும் குடிக்காமலும் இருந்துவிடுவாளோ என்பதுதான். புதிய திசு வளர்வதற்குப் புரதமும் நீரும் வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டல் வரும், வாந்தி எடுத்தால் அதன் விசை குழிக்குத்தான் கெடுதல். முதல் நாள் மெல்லத் தேவையில்லாத குளிர்ந்த அல்லது அறையின் சூட்டிலுள்ள நீர்ம உணவு, அடுத்த நாட்களில் நன்கு வெந்து மசிந்த உணவு, ஒரு வாரத்துக்குப் பிறகு எதிர்ப்பக்கத்தில் மென்று பழக்கப்பட்ட உணவு என்று மெல்ல மாறலாம். கொதிக்கக் கொதிக்க, காரமாக, மொறுமொறுப்பாக, சிறு விதைகளும் துகள்களும் நிறைந்ததாக இருப்பவற்றை முதல் ஓரிரு வாரங்கள் ஒதுக்குங்கள். எலும்பை அதிகம் அகற்ற வேண்டியிருந்தது என்று மருத்துவர் சொன்னால், கடினமானவற்றை அந்தப் பக்கம் கடிப்பதை ஒரு மாதம் வரை தள்ளிப்போடுவது நல்லது. அந்த இடத்தில் தாடை எலும்பு தற்காலிகமாக மெலிந்திருக்கிறது. முதல் வாரத்தில் உறிஞ்சுகுழல் வைத்துக் குடிப்பதும், காறித் துப்புவதும், வேகமாகக் கொப்பளிப்பதும் வாய்க்குள் இழுவிசையை உண்டாக்குகின்றன. டம்ளரிலிருந்து மெதுவாகக் குடிப்பதில் சிரமம் ஒன்றுமில்லை.

புகைபிடித்தலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆயினும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். உறிஞ்சும் இழுவிசை, ரத்த நாளங்களைச் சுருக்கும் நிகோடின், புகையின் சூடும் நச்சும் என்று ஒரே செயலில் இந்தக் காயத்துக்கு மூன்று கெடுதல்கள் சேர்ந்து வருகின்றன. குறைந்தது மூன்று நாட்கள் தொடவே கூடாது, ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது, அத்தோடு விட்டுவிட்டால் எல்லாவற்றையும்விட நல்லது. மின்சிகரெட்டுக்கும் இதே விதிதான்.

வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. முதல் நாளே சிலர் ஆர்வமாகக் கொப்பளித்து ரத்தக்கட்டியைப் பெயர்த்துவிடுகிறார்கள். சிலர் பயந்து ஒரு வாரம் பல்லே தேய்ப்பதில்லை. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்க வேண்டாம். அதன் பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் வாயில் எடுத்து, தலையை இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்து, வாயைத் திறந்து நீரைத் தானாக வழிந்து விழவிட வேண்டும். மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கழுவியைக் கொடுத்திருந்தால் பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். உலர்குழியின் வாய்ப்பை அது குறைக்கிறது, சில நாட்கள் நாக்கின் சுவை மாறுவதும் பல்லில் லேசாகக் கறை படிவதும் அதன் தற்காலிக விளைவுகள். மற்ற பற்களை அன்று இரவிலிருந்தே மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம், தையலுக்கு அருகில் மட்டும் ஓரிரு நாட்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். ஐந்தாறு நாட்களுக்குப் பிறகு கீழ்த்தாடைக் குழியில் உணவு தங்கத் தொடங்கும். நுனி வளைந்த சிறு பிளாஸ்டிக் சிரிஞ்சைக் கேட்டு வாங்கி, மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி உப்பு நீரால் மெதுவாகப் பீச்சிக் கழுவுவதே அதற்கு வழி, குச்சி வேண்டாம். ஈறு மேலே மூடிக்கொள்ள மூன்று நான்கு வாரங்களும், உள்ளே எலும்பு நிறைந்து உறுதிப்படப் பல மாதங்களும் ஆகும். குழியின் பள்ளம் சில வாரங்கள் தெரிந்தால் ஆறவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். தானே கரையும் நூலாக இருந்தால் ஒன்று முதல் நான்கு வாரங்களில் உதிரும். கரையாத நூலாக இருந்தால் ஏழாம் நாளையொட்டி எடுப்பார்கள்.

மகளிடம் நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. கீழுதடு, தாடையின் நுனி, நாக்கு ஆகியவற்றில் வலது பக்கம் இன்னும் மரத்திருக்கிறதா? கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேர்களுக்கு அருகே உதட்டுக்கான நரம்பும், உட்புறத்தில் நாக்குக்கான நரம்பும் செல்கின்றன. அறுவையின்போது அவை சற்று அழுத்தப்பட்டாலோ இழுபட்டாலோ மரத்த உணர்வு தங்கலாம். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ அது தானே திரும்புகிறது. மிகச் சிலருக்கு நிலைத்துவிடவும் கூடும். இருந்தால் பொறுத்துப் பார்ப்போம் என்று மறைக்காமல் இப்போதே மருத்துவரிடம் சொல்லி, எந்த இடம், எவ்வளவு பரப்பு என்று பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். மாற்றத்தைக் கண்காணிக்க அந்த முதல் பதிவு மிகவும் முக்கியம்.

சில அறிகுறிகளைக் கண்டால் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. புதிய காஸ் துணியை அரை மணி நேரம் அழுத்திக் கடித்து, மறுபடியும் ஒரு முறை அப்படிச் செய்தும் ரத்தம் நிற்காமல் வாய் நிரம்புவது. 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல். நான்காம் நாளுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போகும் வீக்கம். சீழ் வழிவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே அறுவை செய்த மருத்துவரை அழையுங்கள். விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தாலோ, நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம் இறுகிப் பரவினாலோ, குரல் மாறினாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, பல் மருத்துவரைத் தேடிக்கொண்டிராமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தாடையில் தோன்றும் தொற்று கழுத்துக்கு இறங்கினால் மூச்சுப் பாதையை அடைக்கக்கூடியது. எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்திருக்கும்போது, மூன்று நான்கு வாரங்கள் கழித்தும் அந்த இடத்தில் புதிதாக வீக்கம் வருவதுண்டு. அப்படி வந்தாலும் காட்டிவிடுங்கள்.

இடது பக்கப் பல்லைப் பற்றி. அதை எடுத்தே ஆக வேண்டுமா என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவரிடம் நீங்கள் நேராகக் கேட்கலாம்: பல்லைச் சுற்றி அடிக்கடி ஈறு வீங்குகிறதா, பக்கத்துப் பல்லில் சொத்தை விழுந்திருக்கிறதா, நீர்க்கட்டி தெரிகிறதா, உதட்டு நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. எந்தத் தொல்லையும் தராத பல்லைக் கண்காணித்து வைத்திருப்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். எடுப்பதென்று முடிவானால், வலது பக்கம் முழுதாக ஆறி, வாய் மூன்று விரல் அளவுக்குத் திறந்து, அவள் அந்தப் பக்கத்தில் அச்சமின்றி மெல்லத் தொடங்கிய பிறகு நாளைக் குறியுங்கள். வேர்கள் இன்னும் முழுதாக முதிராத, எலும்பு இறுகிவிடாத இந்த வயதில் காயம் விரைவாக ஆறும் என்பதால் பல ஆண்டுகள் தள்ளிப்போடுவதில் பயனில்லை. சில வாரங்கள் பொறுத்திருப்பதில் தவறும் இல்லை. அவள் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், கருத்தடை மாத்திரை உட்பட, மருத்துவரிடம் தனியாகச் சொல்ல அவளுக்கு வாய்ப்புக் கொடுங்கள். அடுத்த முறை வெட்டும் முன்பே வலி மருந்துச் சீட்டை வாங்கி மாத்திரைகளை வீட்டில் வைத்துவிடுங்கள், போட வேண்டிய நேரங்களை ஒரு தாளில் எழுதி அவள் படுக்கைக்கு அருகில் ஒட்டுங்கள், முதல் வேளையை நீங்களே உங்கள் கையால் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பல் மருத்துவர்